வோல்டேஜும் கரண்டும் தெரிந்தால் மின்தடையும் வாட்டும்: அளப்பதிலிருந்து சரிபார்ப்பது வரை

பட்டறைக்குப் புதிதாக வரும் பையனிடம் "12 வோல்ட், 2 ஆம்பியர், மின்தடை எவ்வளவு?" என்று கேட்டால் பட்டென்று 6 ஓம் என்பான். அதே பையன் கையில் மீட்டரைக் கொடுத்து, எரிகிற பல்பு ஒன்றைக் காட்டி, இதன் மின்தடையைச் சொல் என்றால் அரை மணி நேரம் கழித்து 0.06 என்றோ 15,500 என்றோ ஒரு எண்ணைக் கொண்டுவந்து நீட்டுவான். கணக்கை அவன் ஒழுங்காகத்தான் போட்டிருப்பான். எடுத்த இரண்டு எண்ணும் ஒரே பொருளுக்கு உரியவையா, ஒரே சமயத்தில் எடுத்தவையா, ஒரே அலகில் இருக்கின்றனவா, எதை எதால் வகுக்க வேண்டும் என்று பார்த்திருக்க மாட்டான்.

அதனால் இந்த வழிகாட்டியில் சூத்திரத்துக்கு இரண்டு வரிதான். மீதியெல்லாம் அந்த இரண்டு எண்ணையும் நம்பும்படி எடுப்பது பற்றியும், வந்த விடையைச் சோதிப்பது பற்றியும்தான். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள், ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவைப்படுகிறது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பைக்கில் இருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி, பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பு (இழை உள்ளது, எல்.இ.டி. வேண்டாம்), அதற்கு ஒரு ஹோல்டர், கிளிப் வைத்த வயர் நான்கைந்து, நோட்டு, பேனா, போனில் கால்குலேட்டர். இவ்வளவு போதும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கிளம்பும் வயரில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சின்ன பைக் பேட்டரி கூட ஷார்ட் ஆனால் வயரை உருக்கிவிடும்.

ஏன் வீட்டு பிளக்கில் ஆரம்பிக்கக் கூடாது? 12 வோல்ட்டில் தப்பு செய்தால் ஃப்யூஸ் போகும், 230 வோல்ட்டில் செய்தால் ஆளே போகலாம். அவ்வளவுதான். வீட்டு மின்சாரத்துக்கு 10-வது படியில்தான் வருகிறோம், அங்கேயும் மீட்டரை வயருக்கு நடுவில் சொருகும் வேலை கிடையாது.

நோட்டைப் பலர் எடுக்கவே மாட்டார்கள். எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு கால்குலேட்டரில் தட்டினால் அலகு காணாமல் போய்விடும். "800" என்று ஞாபகம் இருக்கும், அது மில்லியா இல்லையா என்பது மறந்திருக்கும்.

2. "கரண்ட்" என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"கரண்ட் போச்சு", "கரண்ட் வந்துடுச்சு" என்று பேசியே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேச்சில் கரண்ட் என்றால் மின்சாரம் மொத்தமும். பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்து விளக்கு எரிந்தால் "கரண்ட் இருக்கு" என்கிறோம், உண்மையில் அங்கே இருப்பது வோல்டேஜ். எதையும் சொருகாத பிளக்கில் 230 வோல்ட் இருக்கும், ஓடும் கரண்ட் பூஜ்யம்.

இந்தக் குழப்பம் மனதில் இருக்கும்வரை, பேட்டரியின் இரண்டு முனையிலும் ப்ரோபை (மீட்டரிலிருந்து வரும் தொடு கம்பியை) வைத்துக் "கரண்ட் பார்க்கிறேன்" என்று மீட்டரை எரிக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். எனவே இனி இப்படிப் பிரிப்போம்: வோல்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருப்பது, அலகு வோல்ட். கரண்ட் என்பது ஒரு புள்ளி வழியாக ஓடுவது, அலகு ஆம்பியர். இடையே, வழியாக. இந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டாலே ப்ரோபை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

3. படம் போட்டு, எந்தப் பொருள் என்று வட்டமிடுங்கள்

பேட்டரி, வயர், பல்பு, திரும்ப பேட்டரி என்று ஒரு வட்டப்பாதை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பல்பின் இரண்டு முனையையும் "அ", "ஆ" என்று குறியுங்கள். நமக்கு வேண்டியது பல்பின் மின்தடை, ஆகவே வோல்டேஜ் அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே எடுக்க வேண்டும், கரண்ட் பல்பு வழியாக ஓடுவதாக இருக்க வேண்டும்.

இதைச் சொல்லக்கூட வேண்டுமா என்று தோன்றும். ஒரே ஒரு பல்பு இருக்கும்போது தோன்றத்தான் செய்யும். பாதையில் இரண்டாவதாக ஒரு பொருள் வந்ததும் பத்தில் எட்டுப் பேர் பேட்டரியின் வோல்டேஜை எடுத்து ஒரு பொருளின் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். 9-வது படியில் அதைப் பார்ப்போம்.

4. வோல்டேஜ் எடுப்பது: பல்பு எரியும்போது, பல்பின் மேலேயே

கருப்பு ப்ரோபை "காம்" துளையிலும் சிவப்பை வோல்ட், ஓம் என்று குறித்த துளையிலும் செருகுங்கள். மீட்டரின் திருகைத் திருப்பி, கோடும் அதன் கீழே புள்ளிகளும் போட்ட வோல்ட் பக்கம் (அது டி.சி., பேட்டரி தருவது) 20-ல் வையுங்கள். அலை போட்ட குறி ஏ.சி. (வீட்டு பிளக்கில் வருவது), அதில் வைத்து பேட்டரியை அளந்தால் பூஜ்யமோ சம்பந்தமில்லாத ஒரு எண்ணோ வரும்.

பல்பை எரிய விட்டு, பல்பின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். என் மேசையில் 12.4 வோல்ட் வந்தது. அதே பேட்டரியைப் பல்பு மாட்டாமல் அளந்தபோது 12.6. இந்த 0.2 வோல்ட் எங்கே போனது? பேட்டரிக்கு உள்ளேயும், வயரிலும், துருப்பிடித்த கிளிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிவிட்டது. கரண்ட் ஓடாதபோது இந்த இழப்பு தெரியவே தெரியாது. ஆகவே சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்டேஜையோ, பேட்டரி மேல் அச்சிட்ட 12 என்ற எண்ணையோ கணக்கில் போடாதீர்கள்.

5. கரண்ட் எடுப்பது: பாதையை அறுத்து, மீட்டரை நடுவில் வைத்து

இங்கேதான் மீட்டர் சாகும். நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். சிவப்பு ப்ரோபை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள், திருகையும் 10 ஆம்பியர் டி.சி.க்கு மாற்றுங்கள். பல்புக்குப் போகும் ஒரு வயரைப் பிரித்து, பிரிந்த இரண்டு முனைக்கும் நடுவில் மீட்டரைக் கோர்த்துவிடுங்கள். அப்புறம் பேட்டரியை மாட்டுங்கள். பல்பு எரிய வேண்டும், எண் வர வேண்டும். எனக்கு 0.80 வந்தது.

10-ல் ஏன் ஆரம்பிக்க வேண்டும்? எவ்வளவு ஓடும் என்று தெரியாதபோது பெரிய அளவில் தொடங்கிக் கீழே இறங்குவதுதான் முறை. மில்லி ஆம்பியர் துளைக்குள் பெரும்பாலும் சின்ன ஃப்யூஸ்தான் இருக்கும், இந்தப் பல்பின் 800 மில்லி ஆம்பியர், 200 மில்லி ஆம்பியருக்கான ஃப்யூஸைக் கொன்றுவிடும். ஃப்யூஸ் போனது வெளியில் தெரியாது, மீட்டர் பாட்டுக்குப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் பல்பில் பழுது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணைப் பார்த்ததும் முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிவப்பு ப்ரோபைத் திரும்ப வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். எண்ணை எழுதிய பிறகு, டீ குடித்த பிறகு என்றெல்லாம் தள்ளிப்போடாதீர்கள். 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு கம்பித் துண்டுதான், பல மலிவு மீட்டர்களில் அதற்கு ஃப்யூஸ் கூட இல்லை. ப்ரோப் அங்கேயே இருக்க, அடுத்து வோல்டேஜ் பார்க்கிறேன் என்று பேட்டரி முனைகளில் வைத்தால் நேரடி ஷார்ட். நானே ஒரு தடவை இப்படிச் செய்து ப்ரோப் முனையை பேட்டரி முனையோடு பற்றவைத்திருக்கிறேன், அந்தக் கருகிய ப்ரோப் இன்னும் ஆணியில் தொங்குகிறது, புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவதற்கு.

இரண்டு மீட்டர் இருந்தால் வோல்டேஜையும் கரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் உத்தமம். ஒன்றே ஒன்று என்றால் கரண்ட் எடுத்த உடனே வோல்டேஜை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். 10 நிமிடத்தில் பேட்டரி இறங்கியிருக்கலாம், பழைய வோல்டேஜும் புதிய கரண்டும் ஜோடி சேராது.

6. அலகை நேராக்காமல் கால்குலேட்டரைத் தொடாதீர்கள்

வோல்ட், ஆம்பியர், ஓம், வாட். இந்த நான்கும் முன்னொட்டு எதுவும் இல்லாமல் இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். மில்லி ஆம்பியரை 1000-ஆல் வகுத்து ஆம்பியர் ஆக்குங்கள். கிலோ ஓமை 1000-ஆல் பெருக்கி ஓம் ஆக்குங்கள். 20 மில்லி ஆம்பியர் என்றால் 0.02 ஆம்பியர், 0.2 அல்ல. இந்த ஒரு பூஜ்யத்தில் விழுந்தவர்கள் கணக்கில்லை.

தானாக ரேஞ்ச் மாற்றும் மீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கில எம் சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்று பாருங்கள். சின்னது மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரியது மெகா, பத்து லட்சம் மடங்கு. கையால் ரேஞ்ச் வைக்கும் மீட்டரில் இன்னொரு பொறி உண்டு: 2 கிலோ ஓம் ரேஞ்சில் .560 என்று வந்தால் அது 560 ஓம், அரை ஓம் இல்லை.

7. மின்தடை: வோல்ட்டை ஆம்பியரால் வகுங்கள்

மின்தடை = வோல்டேஜ் ÷ கரண்ட்

12.4 ÷ 0.80 = 15.5 ஓம்.

எது மேலே எது கீழே என்று மறந்தால் ஓம் என்ற அலகையே கேளுங்கள். 1 ஆம்பியரை ஓட வைக்க எத்தனை வோல்ட் தேவை என்பதுதான் ஓம். ஆக, ஒரு ஆம்பியருக்கு இத்தனை வோல்ட், வோல்ட் மேலே. தலைகீழாகப் போட்டால் 0.0645 வரும். பல்பு மாதிரி ஒரு பொருளுக்கு அவ்வளவு சின்ன எண் வந்தால் அது சில மீட்டர் நீளச் செம்பு வயரின் தடைதான் என்று சந்தேகம் வர வேண்டும்.

இப்போது ஒரு விளையாட்டு. பல்பை அணைத்து, ஆற விட்டு, ஹோல்டரிலிருந்து கழற்றி, மீட்டரை ஓம் பக்கம் வைத்து நேரடியாக அளந்து பாருங்கள். எனக்கு 1.8 வந்தது. ப்ரோபுகளை ஒன்றோடு ஒன்று தொட்டால் 0.3 காட்டுகிறது, அதைக் கழித்தால் 1.5 ஓம். கணக்கில் வந்தது 15.5. எது சரி?

இரண்டும் சரி. பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. வெள்ளையாக எரியும்போது அதன் தடை, குளிர்ந்திருக்கும்போது இருந்ததைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகும். நீங்கள் வகுத்துக் கண்டுபிடித்தது எரியும் பல்பின் தடை, மீட்டர் காட்டியது ஆறிய பல்பின் தடை. இழை பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் ஃப்யூஸ் போவதும் இதனால்தான், அந்த முதல் கணத்தில் தடை குறைவு, கரண்ட் பாய்கிறது.

"கணக்கு தப்பு, மீட்டர்தான் சரி" என்று நோட்டில் 15.5-ஐ அடித்துவிட்டு 1.5 என்று எழுதுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 1.5-ஐ அடுத்த படிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

8. மின்திறன் (அலகு வாட்): வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள்

வாட் = வோல்டேஜ் × கரண்ட்

12.4 × 0.80 = 9.92 வாட்.

பல்பில் 10 வாட் என்று போட்டிருக்கிறது, பொருந்துகிறது. வாட் கண்டுபிடிக்க மின்தடை தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அளந்த இரண்டு எண்ணே போதும். சிலர் முதலில் மின்தடையைக் கண்டுபிடித்து, அதை முழு எண்ணாக்கி, அதிலிருந்து வாட்டுக்குப் போவார்கள். நடுவில் முழு எண்ணாக்கிய பிழை கூடவே வரும். முடிந்தவரை அளந்த எண்ணிலிருந்தே போங்கள்.

மின்தடையும் இன்னொன்றும் மட்டும் தெரிந்த சமயத்துக்கு வேறு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. கரண்ட் × கரண்ட் × மின்தடை என்பது ஒன்று: 0.8 × 0.8 × 15.5 = 9.92. வோல்டேஜ் × வோல்டேஜ் ÷ மின்தடை என்பது இன்னொன்று: 12.4 × 12.4 ÷ 15.5 = 9.92. மூன்றும் ஒன்றாக வந்தால் பெருக்கல் வகுத்தல் சரி என்று அர்த்தம், அளவு சரி என்று அர்த்தமில்லை. மூன்றுமே அந்த இரண்டு எண்ணிலிருந்து பிறந்தவைதான், தப்பான எண்ணைக் கொடுத்தாலும் மூன்றும் ஒற்றுமையாகத் தப்பைச் சொல்லும்.

சரி, அந்த 1.5 ஓமை இங்கே போடுங்கள். 12.4 × 12.4 ÷ 1.5 = 102 வாட். கட்டைவிரல் அளவுள்ள பல்பு 102 வாட் எரித்தால் ஹோல்டர் உருகியிருக்கும். விடை கையில் வந்ததும் பொருளை ஒரு தடவை பார்க்கும் பழக்கம் இதற்குத்தான்.

9. பாதையில் இரண்டு பொருள் இருந்தால்

பைக்கில் சின்ன சிவப்பு எல்.இ.டி. ஒன்று வைக்க வேண்டும், அதற்கு எந்த ரெசிஸ்டர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் தடை) போடுவது என்பது அடிக்கடி வரும் கேள்வி. எல்.இ.டி.க்கு மேல் 2 வோல்ட் தங்கும், 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

12 ÷ 0.02 = 600 ஓம் என்று எழுதினால் தப்பு. அந்த 12 வோல்ட் ரெசிஸ்டருக்கும் எல்.இ.டி.க்கும் சேர்த்து. ரெசிஸ்டர் மேல் விழுவது 12 − 2 = 10 வோல்ட் மட்டுமே. ஆகவே 10 ÷ 0.02 = 500 ஓம். கரண்ட் இரண்டுக்கும் ஒன்றுதான், ஒரே பாதை, நடுவில் பிரிய வழியில்லை. வோல்டேஜ்தான் பங்கு போகும்.

கடையில் போய் 500 கேட்டால் கிடைக்காது. சாதாரணமாகக் கிடைப்பவை 470, 560, 680. 560 எடுத்தால் கரண்ட் 10 ÷ 560 = 0.0179, அதாவது 18 மில்லி ஆம்பியர், பரவாயில்லை. ரெசிஸ்டர் தாங்க வேண்டிய வாட் 10 × 0.0179 = 0.18. கால் வாட் ரெசிஸ்டர் போதும் என்று தோன்றும்.

ஆனால் எஞ்சின் ஓடும்போது பைக் பேட்டரியில் 14.4 வோல்ட் வரை வரும். அப்போது ரெசிஸ்டர் மேல் 12.4 வோல்ட், 12.4 × 12.4 ÷ 560 = 0.27 வாட். கால் வாட்டைத் தாண்டிவிட்டது. மேசையில் ஒரு வாரம் எரிந்தது, பைக்கில் மாட்டியதும் பொசுங்கிவிட்டது என்று வருபவர்களின் கதை பாதி இதுதான். கரண்டும் 22 மில்லி ஆம்பியருக்கு ஏறிவிடுகிறது. 680 ஓம், அரை வாட் போடுங்கள்: அதிகபட்சமாக 18 மில்லி ஆம்பியர், 0.23 வாட். ரெசிஸ்டர் தாங்கும் என்று சொல்லி விற்கும் வாட்டில் பாதிக்குள் ஓட்டினால் அளவுக்கு மீறிச் சூடாகாது. எந்தப் பொருளுக்கும் வாட் கணக்குப் போடும்போது, வரக்கூடிய அதிகபட்ச வோல்டேஜை வைத்துத்தான் போட வேண்டும்.

10. வீட்டு மின்சாரம்: முதலில் சூடாக்கும் பொருள்கள்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ராடு, கெட்டில் மாதிரி சூடு மட்டும் தருகிற பொருள்களுக்கு இதுவரை பார்த்த கணக்கே அப்படியே பொருந்தும். மீட்டர் காட்டும் ஏ.சி. வோல்ட்டையும் ஆம்பியரையும் போட வேண்டியதுதான்.

இங்கே லேபிளில் இருந்து பின்னோக்கிப் போகிறோம். ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருந்தால் கரண்ட் 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். மின்தடை 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். ராடின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு அதன் இரண்டு சின்ன முனைகளுக்கு இடையே ஓம் அளந்தால் 35-க்குப் பக்கத்திலேயே வரும். பல்பு மாதிரி பத்து மடங்கு வித்தியாசம் வராததற்குக் காரணம், உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி, சூடானாலும் தடை கொஞ்சமே மாறும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. நீளமான எர்த் முனைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே ஏதாவது எண் காட்டினால் அந்த ராடைத் தண்ணீரில் வைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தாங்குவது 230 × 6 = 1380 வாட். 1500 வாட் ராடு அதில் சேராது, 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். அடாப்டர் போட்டுச் சின்ன பிளக்கில் செருகி, பிளாஸ்டிக் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஓடும் கரண்டை அளக்க வேண்டும் என்றால் கிளாம்ப் மீட்டர். வயரை அறுக்காமல், கொக்கியால் வளைத்துப் பிடித்தே அளக்கலாம். ஒரே ஒரு வயரைத்தான் பிடிக்க வேண்டும். ராடின் முழு கேபிளையும் சேர்த்துப் பிடித்தால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்து பூஜ்யம் காட்டும். அதற்காக ராடின் கேபிளை உரித்துவிடாதீர்கள், வயர்கள் தனித்தனியாக வெளியே தெரியும்படி ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் செய்து வைத்துக்கொண்டால் போதும்.

11. லோ வோல்டேஜில் என்ன ஆகிறது

சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது. ராடு அப்போதும் 1500 வாட்டா? மாறாமல் இருப்பது மின்தடை, ஆகவே அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் 180 ÷ 35.3 = 5.1 ஆம்பியர். வாட் 180 × 5.1 = 918. வோல்டேஜ் 22 சதவீதம் குறைய, சூடு 39 சதவீதம் குறைந்துவிட்டது, ஏனென்றால் வோல்டேஜ் இறங்கும்போது கரண்டும் கூடவே இறங்குகிறது, இரண்டையும் பெருக்கும்போது அடி இரட்டிப்பு. 28 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் வாளித் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுபோக 230 வோல்ட்டில் சுமார் 16 நிமிடம், 180-ல் 26 நிமிடம்.

"1500 வாட் என்று போட்டிருக்கிறதே, வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடத்தானே வேண்டும்" என்று சண்டைக்கு வருவார்கள். 1500 என்பது 230 வோல்ட்டில் மட்டும். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடுவது சுமையோடு ஓடும் மோட்டாரில். அங்கே கதை வேறு.

12. மோட்டாருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள்

கிணற்று மோட்டார் ஒன்று, சிங்கிள் பேஸ், 1 ஹெச்.பி. கிளாம்ப் மீட்டரில் 7 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 230 × 7 = 1610. இது வாட் இல்லை, வோல்ட்-ஆம்பியர். மோட்டாரில் கரண்ட், வோல்டேஜுக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, அதனால் பெருக்கியது முழுவதும் வேலையாக மாறாது. அதில் எவ்வளவு பங்கு வாட் என்று சொல்வதுதான் பவர் ஃபேக்டர், அது 0.8 என்றால் 1610 × 0.8 = 1288 வாட். யூனிட் கணக்கில் ஏறுவது இதுதான். லேபிளில் இருக்கும் 1 ஹெச்.பி., அதாவது 746 வாட், தண்டில் கிடைக்கும் வேலை. மீதி வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்) சூட்டிலும் உராய்விலும் போகிறது.

230 ÷ 7 = 33 ஓம் என்று வகுத்து "வைண்டிங் தடை" என்று எழுதாதீர்கள். மோட்டாரை நிறுத்தி வைண்டிங்கை ஓம் மீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் இருக்கும். ஓடும்போது சுருளே எதிர் வோல்டேஜை உண்டாக்கிக் கரண்டைத் தடுக்கிறது, கம்பியின் தடை அதில் ஒரு சின்னப் பங்கு. நல்ல வைண்டிங்கைப் "33 ஓம் வரவில்லை, எரிந்துவிட்டது" என்று அவிழ்த்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

13. வந்த விடையை ஈ.பி. மீட்டரை வைத்துச் சோதியுங்கள்

உங்கள் வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்றால் 1000 வாட்டை ஒரு மணி நேரம் எரிப்பது, ஒரு மணிக்கு 3600 நொடி, ஆக 36 லட்சம் வாட்-நொடி. அதை 3200-ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125 வாட்-நொடி.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜையும், இன்வெர்ட்டரையும், டி.வி.யின் ஸ்டாண்ட்பை விளக்கையும் மறக்காதீர்கள். விளக்கு சிமிட்டுவது நின்றதும் ராடைத் தண்ணீரில் வைத்துப் போடுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் எடுத்து 10 சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். நான் பார்த்தபோது 8.6 நொடி. 10 × 1125 ÷ 8.6 = 1308 வாட். அதே நேரம் பிளக்கில் 215 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 6.1 ஆம்பியர், பெருக்கினால் 1311. இது மூன்று வடிவத்தில் ஒரே எண்ணைச் சோதிப்பது மாதிரி இல்லை, முற்றிலும் வேறொரு கருவி, வேறொரு வழி, அதனால் பொருந்தினால் நம்பலாம்.

10 சதவீதத்துக்கு மேல் விலகினால் கிளாம்ப் மீட்டரைக் குறை சொல்லும் முன் எண்ணிய விதத்தைப் பாருங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும் முதல் சிமிட்டலுக்கு "பூஜ்யம்" என்று சொல்ல வேண்டும், அடுத்ததுதான் ஒன்று. முதலிலேயே "ஒன்று" என்று தொடங்கிப் பத்தில் நிறுத்தினால் நடுவில் ஒன்பது இடைவெளிதான் இருக்கும், நேரம் 7.7 நொடியாகி, ராடு திடீரென்று 1460 வாட் ஆகிவிடும்.